மேட்டுத் தெருவை ஆகாயம் பார்த்த விதம்

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம். கதவோரம் உட்கார்ந்திருப்பவர் அங்கேயே இருந்தால் பாதிக் கதைதான் காதில் விழும். மீதியை அவராகவே இட்டுக்கட்டிக்கொள்வார், பழி என் தலையில் விழும். எல்லோரும் வந்தாயிற்றா? சரி. மேலே இருந்து பார்க்கிறவர்களிடம் கீழே இருக்கிற ஒருவர் போய் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்கிறேன். சிரிப்பு வருகிற இடத்தில் சிரித்துவிடுங்கள். போகப்போக அதற்கு இடம் குறைந்துவிடும்.

மேட்டுத் தெரு என்று ஒரு தெரு. நூற்று நாற்பது படி ஏறினால் ஒன்பது வீடு. ஒன்றையொன்று தோளால் இடித்துக்கொண்டு நிற்கும். ஒரு வீட்டில் இருமினால் மூன்றாவது வீட்டிலிருந்து, "மருந்து சாப்பிட்டாச்சா?" என்று குரல் வரும். கடைசி வீட்டில் ஒரு தையல்காரர். முன்னறையில் தையல் இயந்திரம். பின்னறையில் ஜன்னலை ஒட்டி அண்ணனின் கட்டில். ஜன்னலுக்கு வெளியே நாலு அடி தள்ளி மலைச்சரிவு தொடங்கிவிடும்.

அண்ணன் உயரமான கட்டடங்களுக்கு வர்ணம் அடித்தவர். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் சாரம் முறிந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அவரைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். படியில் இறக்க நாலு பேர் வேண்டும்.

ஒருநாள் காலை அண்ணன் கூப்பிட்டார்.

"டேய் தம்பி, இங்க வா. மரம் நடக்குது."

"ராத்திரி தூங்கலையாண்ணா?"

"கிண்டல் பண்ணாம குனிஞ்சு என் தலைகிட்ட உன் தலைய வை. அந்த ஒல்லி மரம் எந்தக் கம்பிக்கு நேரா தெரியுது?"

ஜன்னலில் ஐந்து இரும்புக் கம்பிகள். வெளியே சரிவில் ஏழு மரங்கள். பன்னிரண்டு வருடமாக ஒரே தலையணை, ஒரே தலை, ஒரே கோணம். அந்த ஒல்லி மரம் இத்தனை காலமும் இரண்டாவது கம்பிக்கும் மூன்றாவது கம்பிக்கும் நடுவில் நின்றது. இப்போது மூன்றாவது கம்பியை உரசிக்கொண்டிருந்தது. அண்ணன் தம்பியின் தையல் சுண்ணக்கட்டியால் கம்பியில் கோடு போட்டு, பத்து நாளாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

தையல்காரர் பின்பக்கமாக ஏறிப் போனார். மரங்களுக்கு மேலே மண்ணில் ஒரு விரிசல், சட்டையின் தோள்தையல் விட்டுப்போனதுபோல நீளமாக ஓடியது. இரண்டு விரல் அகலம். கழுத்தில் கிடந்த அளவுநாடாவை எடுத்து அளந்தார். இருபக்கமும் குச்சி நட்டு, குறுக்கே ஒரு நூலை இறுக்கிக் கட்டிவிட்டு வந்தார். நாலாம் நாள் போய்ப் பார்த்தால் நூல் அறுந்து கிடந்தது.

"போயிடலாங்க," என்றாள் மனைவி.

"எங்க?"

அதுதான் கேள்வி. அவளுடைய அக்கா வீட்டில் ஒரே அறை, ஆறு பேர், மூன்றாவது மாடி. ஆனால் கீழே சமதரையில், ஆபத்தான இடங்களில் இருப்பவர்களுக்கென்று மஞ்சள் வர்ணம் அடித்த புதுக் குடியிருப்பு ஒன்று இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. புறாக்கள் மட்டும் எந்த அனுமதியும் கேட்காமல் குடியேறியிருந்தன. மனிதர்கள் போக வேண்டுமென்றால், "இவர்கள் இருக்கும் இடம் ஆபத்தானது" என்று ஒரு சான்று வேண்டும். அதைக் கொடுப்பது விண்கண் பேரிடர் முன்தடுப்பு மையம். அந்தச் சான்று வந்தால் அண்ணனை மெதுவாக, பத்திரமாக, ஒரு நல்ல நாளில் கீழே இறக்கிவிடலாம். தையல்காரருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நாலு தெரு தள்ளி இருந்தது மையம். கண்ணாடிக் கட்டடம். வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும். இயந்திரங்களுக்குத் தூசி ஆகாது. உள்ளே பல் கிட்டிக்கும் குளிர். வரவேற்பு மேசையில் இருந்த பெண் தலைநிமிராமல் கேட்டாள்.

"நடந்து முடிஞ்ச பேரிடரா, நடந்துக்கிட்டிருக்கிற பேரிடரா, வரப்போற பேரிடரா?"

"வரப்போறதும்மா."

"வரப்போறது செவ்வாய்க்கிழமை மட்டும்தான். இன்னிக்கு நடந்து முடிஞ்சது."

"செவ்வாய்க்குள்ள வந்துடுச்சுன்னா?"

"அப்ப நீங்க இன்னிக்கு வரிசையில நிக்கலாம்," என்றாள், மிகுந்த அன்போடு.

செவ்வாய்க்கிழமை போனார். சுவர் அகலத்துக்கு ஒரு திரை. அதன் முன்னால் குளிருக்குக் கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டிய ஒருவர். அவரைத் திரைக்காரர் என்றே மையத்தில் அழைத்தார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு, கன்னத்தில் வழிய வழிய, பூமியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேட்டுத் தெருவா? இதோ." திரையில் ஒரு பச்சைச் சதுரத்தைக் காட்டினார்.

"இது காடு மாதிரி இருக்கே சார். எங்க வீடு?"

"உள்ள இருக்கும். ஒரு புள்ளின்னா தரையில முப்பது மீட்டருக்கு முப்பது மீட்டர். உங்க ஒன்பது வீடு, மரம், நீங்க சொல்ற விரிசல், உங்க அண்ணன், எல்லாரும் இந்த ஒரு புள்ளிக்குள்ளதான். எல்லாத்தையும் கூட்டி சராசரி எடுத்தா பச்சை. பச்சைன்னா பாதுகாப்பு."

"விரிசலும் சராசரியில போயிடுமா?"

"எல்லாமே போகும். சராசரிக்குப் பெரிய மனசு சார்."

தையல்காரர் பையிலிருந்து அறுந்த நூலை எடுத்து மேசைமேல் வைத்தார். அளவு எழுதிய காகிதத்தை வைத்தார். ஜன்னல் கம்பியின் படம் வரைந்து, மரம் எந்த நாளில் எங்கே நின்றது என்று அண்ணன் குறித்துக் கொடுத்த தாளையும் வைத்தார். திரைக்காரர் அவற்றைத் தொடவில்லை.

"இதெல்லாம் கீழ இருந்து எடுத்த தகவல். கீழ இருக்கிறவங்களுக்குப் பயம் இருக்கும். பயம் கலந்த தகவலை நாங்க எடுக்கறதில்ல. செயற்கைக்கோளுக்குப் பயம் கிடையாது."

"அது விழாதுங்களா?"

"விழுந்தாலும் மனுஷங்க மேல விழாதபடி பார்த்துக்கிட்டிருக்கோம்," என்றார் திரைக்காரர், பெருமையோடு. பிறகு இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். அந்த இடத்தில் வீடு இருக்கிறது என்று முதலில் ஆகாயத்துக்குத் தெரியப்படுத்த வேண்டும். கூரைமேல் பெரிய சிவப்புத் துணியை விரிக்கலாம். வியாழக்கிழமை காலை பத்து நாற்பதுக்குக் கோள் கடந்து போகும்.

தையல்காரருக்குத் தெரிந்த வேலையை ஒருவர் கடைசியில் கேட்டுவிட்டார், பாருங்கள். மனிதர் பறந்து வீட்டுக்கு வந்தார். தெருவே துணி கொடுத்தது. திரைச்சீலை, மேசைவிரிப்பு, கிழிந்த குடை. பக்கத்து வீட்டு முடிவெட்டுபவர் தன் கடையில் போர்த்துகிற சிவப்புத் துணிகளை அவிழ்த்துக் கொண்டுவந்து போட்டார். இரண்டு நாள் இயந்திரம் ஓயவில்லை. எட்டு வீட்டுக் கூரையை மூடுகிற அளவுக்கு ஒரே துணி. மிச்சமிருந்த ஒரு வீட்டுக்காரர் தன் கூரையில் ஏற்கனவே சிவப்பு ஓடு இருப்பதால் மானம் காப்பாற்றப்பட்டதாகச் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை மேகம். அடுத்த முறை கோள் வருவது பதினாறு நாள் கழித்து. அன்று வானம் துடைத்துவைத்ததுபோல இருந்தது. தெருவில் எல்லோரும் தலைவாரி, நல்ல உடை உடுத்தி, வெளியே வந்து அண்ணாந்து நின்றார்கள். முடிவெட்டுபவர் தன் மனைவியைப் பார்த்து, "கண்ணைச் சிமிட்டிடாத, இன்னும் பதினாறு நாள் காத்திருக்கணும்," என்றார். ஜன்னல் வழியாக அண்ணன் கத்தினார்: "எனக்கும் சேர்த்துச் சிரிங்கடா."

மூன்றாம் நாள் மணியடித்துக்கொண்டு வந்தது தீயணைப்பு வண்டி. ஆகாயத்தில் சிவப்பாகத் தெரிந்ததைக் கணினி தீ என்று படித்து, அந்தப் பிரிவுக்கு அனுப்பிவிட்டது. தீயணைப்பு அதிகாரி நூற்று நாற்பது படி ஏறி, மூச்சு வாங்கி, துணியைத் தொட்டுப் பார்த்தார்.

"நெருப்பு இல்லையே சார்," என்றார் தையல்காரர்.

"இல்லைன்னு நான் எப்படிச் சொல்றது? மேல இருந்து இருக்குன்னு வந்திருக்கு. அணைச்சாச்சுன்னு நான் கையெழுத்துப் போடணும். அணைக்காம போட்டா அது பொய்க் கையெழுத்து. நான் பொய் சொல்ற ஆள் இல்ல."

நேர்மையான மனிதர். இரண்டு வண்டித் தண்ணீரைக் குழாய் போட்டு மேலே ஏற்றி, சரிவு முழுக்க அடித்தார். தண்ணீர் வழிந்து படியில் ஓடும் என்று வாளியோடு காத்திருந்த பெண்கள் ஏமாந்தார்கள். ஒரு சொட்டு கீழே வரவில்லை. எல்லாவற்றையும் விரிசல் குடித்துவிட்டது.

அன்று சாயங்காலம் அண்ணன் சொன்னார்: "மூணாவது கம்பியத் தாண்டிடுச்சுடா."

தீப்பிடித்து அணைக்கப்பட்ட இடம் என்று பதிவானதால் மேட்டுத் தெருவுக்கு ஒரு நன்மை விளைந்தது. அது இப்போது காகிதத்தில் இருந்தது. இயக்குநரே ட்ரோனோடு நேரில் வருவதாகச் செய்தி வந்தது.

ஒன்பது பேர் வந்தார்கள். ட்ரோன் பஞ்சு மெத்தை வைத்த பெட்டிக்குள் வந்தது. அதற்கு ஒருவர் குடை பிடித்தார். இயக்குநருக்குக் குடை பிடிக்க ஆள் போதவில்லை. அவர் நல்ல சிவந்த மனிதர், குரலில் ஒரு கனம். தையல்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, எதிரே இருந்த பதினைந்து பேரை ஆயிரம் பேராகப் பாவித்துப் பேசினார்.

"அன்புக்குரிய ஆபத்துப் பகுதி மக்களே. முந்தைய காலத்துல பேரிடர் வந்தா, அது வந்த பிறகுதான் நமக்குத் தெரியும். இப்ப அப்படி இல்ல. வர்றதுக்கு முன்னாடியே எங்களுக்குத் தெரியும். உங்களுக்கு மட்டும்தான் வந்த பிறகு தெரியும். இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் ஒரு குழு போட்டிருக்கேன். நம்ம மையம் தொடங்கி ஆறு வருஷத்துல, மையத்துக்குள்ள ஒரு பேரிடர்கூட நடந்ததில்லைங்கறதை நான் அடக்கத்தோட சொல்லிக்கிறேன்."

கைதட்டினார்கள். ட்ரோன் ஓட்டும் பெண் பெட்டியைத் திறந்து, மேலே பார்த்து, மறுபடி மூடினாள்.

"மரம் இருக்கு சார். இறக்கை மாட்டிக்கும்."

"மாட்டாம உசரத்துல பறந்தா?"

"உசரத்துல பறந்தா மரத்தோட தலைதான் தெரியும். விரிசல் தெரியாது."

இயக்குநர் சற்று யோசித்தார். யோசிக்கும்போது அவர் இன்னும் நல்லவராகத் தெரிந்தார். "அப்ப மரத்தை எடுத்துடணும். தையல்காரரே, ஏழு நாள் அவகாசம். ஏழாம் நாளுக்குள்ள சரிவைத் தெரியற மாதிரி பண்ணுங்க. இல்லேன்னா உங்க விண்ணப்பம் காலாவதி ஆயிடும். அப்புறம் முதல்லேருந்து துணி தைக்கணும்."

தையல்காரரின் மனைவி அதுவரை கதவு நிலையில் சாய்ந்து நின்றவள், ஒரு அடி முன்னால் வந்தாள்.

"ஐயா, அந்த வேருதானே மண்ணைப் பிடிச்சு வெச்சிருக்கு. நூலை உருவிட்டுத் தையல் எங்க விட்டிருக்குன்னு தேடச் சொல்றீங்களே?"

"நல்ல உவமை," என்றார் இயக்குநர். உதவியாளரிடம் திரும்பி, "எழுதிக்கோங்க, அடுத்த பேச்சுக்கு ஆகும்," என்றார். படி இறங்கிப் போய்விட்டார்கள்.

அந்த வீட்டில் அன்று சோறு இறங்கவில்லை. தையல்காரர் அண்ணனின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"வெட்டினா சான்று வரும்ணா. சான்று வந்தா உன்னைக் கீழ கொண்டு போயிடலாம். தரைத்தளமாம். வாசல் வரைக்கும் சக்கர நாற்காலி போகுமாம்."

"மரம் இல்லேன்னா எனக்கு எதுவும் தெரியாதுடா. அது எங்க நிக்குதுன்னு பார்த்துத்தான் இன்னிக்குத் தூங்கலாமா வேணாமான்னு சொல்றேன். கண்ணைக் குத்திட்டுக் கண்ணாடி வாங்கித் தரேங்கறான் உன் இயக்குநர்."

"அத்தான் சொல்றது சரிங்க," என்றாள் மனைவி.

"சரிதான். நான் மட்டும் என்ன தப்புன்னா சொன்னேன்?" என்றார் தையல்காரர். "சரியா இருக்கிறதை வெச்சுக்கிட்டு இவரை எங்க தூக்கிட்டுப் போறது? சரிக்கு ஒரு ரூம் கொடுப்பாங்களா?"

அண்ணன் தம்பியின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். ஆறாம் நாள் காலை, தேநீர் குடித்து முடித்து, கோப்பையை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு சொன்னார்: "வெட்டுடா. ஒல்லியனைக் கடைசியா வெட்டு."

ஒரு நாள்தான் மிச்சம் என்பதால் தெருவே இரவல் ரம்பத்தோடு திரண்டது. முடிவெட்டுபவர், "இவ்வளவு பெரிய தலைய நான் மழிச்சதில்ல," என்று சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்த்தார். ஏழு மரமும் விழுந்தன. அதற்குப் பிறகு அண்ணனின் ஜன்னலில் மண்ணும் வானமும்தான் இருந்தன. அவர் கம்பிகளில் போட்டிருந்த கோடுகளைத் தம்பி மனைவி துடைக்கப் போனாள், இருக்கட்டும் என்றார்.

ட்ரோன் பறந்தது. என்ன அழகான படம் தெரியுமா. மையத்தின் திரையில் விரிசல் ஓர் ஆற்றைப்போல ஓடியது. ஒவ்வொரு கூழாங்கல்லும் தெரிந்தது. கணினி நாற்பது நிமிடம் கணக்குப் போட்டு, அகலம் பதினோரு சென்டிமீட்டர் என்றது. தையல்காரர் முந்தின நாள் தன் நாடாவால் மறுபடி அளந்து எழுதியிருந்த தாளைப் பார்த்தார். பதினோரு சென்டிமீட்டர்.

"பாத்தீங்களா, உங்க நாடாகூடக் கிட்டத்தட்ட சரியாத்தான் இருந்திருக்கு," என்று இயக்குநர் அவர் தோளில் தட்டினார்.

"அப்ப சான்று..."

"அதுதான் பாதி வேலை முடிஞ்சுடுச்சே. நாங்க செய்யறதுக்குப் பேரு மாற்றம் கண்டறிதல். ஒரு படத்துல விரிசல் தெரியும், மாற்றம் தெரியாது. ரெண்டு படம் வேணும். மழைக்கு முன்னாடி ஒண்ணு, மழைக்கு அப்புறம் ஒண்ணு. முதல் படம் எடுத்தாச்சு. உங்களுக்கு அதிர்ஷ்டம், அடுத்த வாரமே மழை ஆரம்பிக்குது."

"சார், மழையில சரிவு விழுந்துடுச்சுன்னா?"

"அப்ப மாற்றம் ரொம்பத் தெளிவாத் தெரியும்," என்றார் இயக்குநர். அவர் கேலி செய்யவில்லை, கண்ணுகளா. அந்தப் படத்தை நினைத்து அவர் கண்கள் நிஜமாகவே மின்னின.

மக்களைக் கைவிட்டுவிட்டதாக யாரும் சொல்லக் கூடாது என்று, விரிசலில் ஒரு கருவியை நட்டுவிட்டுப் போனார்கள். மண் நகர்ந்தால் மணி அடிக்கும்.

"மணி எங்க இருக்கு?" என்று தையல்காரரின் மனைவி கேட்டாள்.

"மையத்துல," என்றாள் ட்ரோன் ஓட்டும் பெண்.

"மண்ணு இங்கதானே விழும்?"

"அதனாலதான்க்கா. இங்க வெச்சா மணிக்கு ஆபத்து."

மழை தொடங்கியது. முதல் நான்கு நாள் சாது மழை. பிறகு வானம் தன் வேலையைக் காட்டியது. அண்ணனால் வெளியே எதையும் அளக்க முடியவில்லை. சுவரில் காதை வைத்துப் படுத்திருந்தார். பதினோராவது நாள் செவ்வாய்க்கிழமை. தையல்காரர் அன்று மையத்துக்குப் போக வேண்டியிருந்தது. சான்று வேண்டாம், மழை நிற்கிறவரைக்குமாவது ஒரு சாவி கொடுங்கள் என்று காலில் விழுந்து கேட்பதாக இருந்தார்.

"நான் இன்னிக்குப் போகலைண்ணா. நாலு ஆளக் கூட்டிட்டு வந்து உன்னை இவ அக்கா வீட்டுக்கே தூக்கிடறேன்."

"மூணு மாடியா? மழையில படியில வழுக்கி அஞ்சு பேரும் சாகறதுக்கா? போய்ச் சாவிய வாங்கிட்டு வா. வரும்போது ஆளயும் கூட்டிட்டு வா. ஒரே வேலையா முடியும்." பிறகு அண்ணன் சிரித்தார். "காலில விழும்போது பார்த்து விழு. அங்க தரை வழவழன்னு இருக்கும்."

மையத்தில் அன்று எட்டாவது ஆளாக நின்றார். பதினோரு மணிக்கு அவர் முறை வந்தது. திரைக்காரரிடம் வாயைத் திறக்கும்போது, சுவரில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. மணி அடித்தது.

எப்படிப்பட்ட மணி! கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. திரைக்காரர் கண்மருந்தை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். வரவேற்புப் பெண் விளக்குகளை அணைத்தாள். ஒலிபெருக்கியில் ஒரு குரல், பதறாமல் வரிசையாக வெளியேறும்படி சொன்னது. பதறாமல் வரிசையாக வெளியேறினார்கள். மாதத்துக்கு ஒருமுறை பழகிய காரியம். யாரும் யாரையும் இடிக்கவில்லை. மையத்து முற்றத்தில், குடைகளுக்குக் கீழே, தரையில் வரைந்திருந்த வட்டங்களில் ஆளுக்கொரு வட்டமாக நின்றார்கள்.

"எந்த மணி இது?" தையல்காரர் திரைக்காரரின் கையைப் பிடித்து உலுக்கினார். "எங்க தெரு மணியா? சொல்லுங்க சார், எங்க தெருவா?"

"உங்களுதுதான். நல்லா வேலை செய்யுது பாருங்க."

"அங்க யாருக்காவது சொன்னீங்களா?"

"முதல்ல ஆள் எண்ணணும் சார். எண்ணி முடிச்சாத்தான் அடுத்த கட்டம்."

தையல்காரர் வாசலுக்கு ஓடினார். காவலாளி இரண்டு கையையும் விரித்து மறித்தார். "ஐயா, நீங்க பார்வையாளர் பதிவேட்டுல உள்ள வந்திருக்கீங்க. உங்களை விட்டுட்டா ஒரு ஆள் குறையும். காணாமப் போனவர்னு தேடணும். அத்தனை பேரும் மழையில நிக்கணும்."

முப்பத்து நாலு ஊழியர்கள், எட்டுப் பார்வையாளர்கள். முதல் எண்ணிக்கையில் நாற்பத்து ஒன்று வந்தது. மறுபடி எண்ணினார்கள். எண்ணிக்கொண்டிருந்தவர் தன்னை எண்ண மறந்திருந்தார். அதற்குள் இருபது நிமிடம் போயிற்று. வாசல் திறந்தது. தையல்காரர் செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினார்.

மேட்டுத் தெருவில் நடந்தது இது. பதினோரு மணிக்குச் சற்று முன்னால் அண்ணன் சுவரிலிருந்து காதை எடுத்து, தம்பி மனைவியைக் கூப்பிட்டார். "ஏம்மா, இங்க வா. முடிவெட்டுறவர் வீட்டுல இருக்காரா பாரு. ரெண்டு பேரா சேர்ந்து என்னை முன்னறைக்குத் தூக்குங்க. அப்படியே மத்த வீட்டுக் கதவையும் தட்டிட்டு வா, ஆள் வேணும்னு சொல்லு. எல்லாரையும் வெளிய வரச் சொல்லு. எல்லாக் கதவும், என்ன? ஒண்ணு விடாம."

அவள் தட்டினாள். கையில் தோல் உரியத் தட்டினாள். எட்டாவது கதவில் இருந்தபோது பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. திரும்பினாள். ஏழு மரம் இருந்த சரிவு, பாய் சுருட்டுவதுபோலச் சுருண்டு வந்து கடைசி மூன்று வீடுகளின் மேல் படுத்துக்கொண்டது. அந்த மூன்று வீட்டில் இரண்டு காலியாக இருந்தன. எல்லோரும் தெருவில் நின்றார்கள்.

தையல்காரர் வந்தபோது முடிவெட்டுபவரும் மற்றவர்களும் தட்டாலும் பலகையாலும் வெறுங்கையாலும் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார்கள். தேடுதல் படை கீழே படியடியிலேயே நின்றது. சரிவு நிலையாக இருக்கிறது என்று ட்ரோன் சொன்னால்தான் மேலே ஏறலாம். மழையில் ட்ரோன் பறக்காது. மூன்றாம் நாள் தெருவாசிகளே அண்ணனை எடுத்தார்கள்.

அவரைக் குளிப்பாட்டும்போது மனைவி கேட்டாள்: "ஏங்க, ஆள் கூப்பிடத்தான் அனுப்பினாரா அத்தான்? இல்ல, தெரிஞ்சே அனுப்பினாரா?"

தையல்காரர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். பதில் தெரிந்த ஒரே ஆள் அவர் கைக்குக் கீழே கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

மையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. மணியோசை காதில் விழுந்த அனைவரும், ஒருவர் விடாமல், காப்பாற்றப்பட்டார்கள் என்று அதில் இருந்தது. அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

மழை விட்டதும் இரண்டாவது படம் எடுத்தார்கள். ஒரு மாதத்தில் பெரிய மண்டபத்தில் ஒரு விழா. வெளியூரிலிருந்து நிபுணர்கள் வந்து நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் இரண்டு படங்கள், ஒவ்வொன்றும் கதவு அளவுக்கு. மழைக்கு முன், மழைக்குப் பின். பயனடைந்தவர் என்று ஒரு அட்டையை மார்பில் குத்தித் தையல்காரரை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். சான்றையும் சாவியையும் அவர் கையில் கொடுத்தார் இயக்குநர். தரைத்தளம், மூன்று நபர்களுக்கு என்று எழுதியிருந்தது.

"ரெண்டு வார்த்தை பேசுங்க," என்று ஒலிவாங்கியை நீட்டினார்கள்.

தையல்காரர் இரண்டாவது படத்தின் முன்னால் போய் நின்றார். வெகுநேரம் பார்த்தார்.

"இதுல எங்க அண்ணன் எங்க இருக்காருன்னு காட்டுங்க சார்."

இயக்குநர் நீளக் குச்சியை எடுத்துக்கொண்டு வந்தார். படத்தின் மேல் ஓரிடத்தில் வைத்தார். பிறகு சற்றுத் தள்ளி வைத்தார். குச்சி கொஞ்சநேரம் அலைந்தது. பிறகு அவர் நிபுணர்கள் பக்கம் திரும்பி, அந்தக் கனத்த குரலில், உண்மையான நெகிழ்ச்சியோடு சொன்னார்:

"இந்த உசரத்துலேருந்து பார்த்தா தனித்தனி மனுஷங்க தெரியமாட்டாங்க. அதுதான் இதோட சிறப்பே. யாரோட வேதனையும் கணிப்பைப் பாதிக்காது."

தையல்காரர் வீட்டுக்கு நடந்தார். புது வீட்டுக்கு. தரைத்தளம், அகலமான வாசல், சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சாய்தளம். மனைவி அந்தச் சாய்தளத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் மார்பில் இருந்த அட்டையைக் கழற்றினார். ஊசி சட்டையில் ஒரு சின்னக் கிழிசலை விட்டிருந்தது.

"அத்தான் எங்கன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்ன பண்ணாங்க?"

"கைதட்டினாங்க," என்று சொல்லித் தையல்காரர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அவ்வளவுதான், என் தங்கங்களே. எழுந்து பத்திரமாகப் போங்கள். உங்கள் வீட்டுக் கூரை ஒழுகாதிருக்கட்டும், அடுப்பு அணையாதிருக்கட்டும். படுத்தவர் எழட்டும், வெளியே போனவர் நேரத்துக்குத் திரும்பட்டும். உங்கள் வாசலுக்கு ஒரு கஷ்டம் வருமென்றால், அதற்கு முன்னால் கால்நடையாக ஒரு மனிதர் வந்து கதவைத் தட்டட்டும். தட்டுகிற சத்தம் கேட்கிற இடத்தில் நீங்கள் எல்லோரும், ஒருவர் குறையாமல், இருங்கள்.